உப்புத்தண்ணியில் முடி தேங்காய் நார் மாதிரி ஆகுது: செலவில்லாமல் வீட்டிலேயே மென்மையாக்க என்ன வழி?

பூவரசு_கோவை கேட்டது:

அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். சிறுவாணித் தண்ணி வந்த வீட்டிலிருந்து போர் தண்ணி மட்டும் உள்ள வீட்டுக்கு மாறி ஆறு மாசம் ஆகிறது. முடி நிலவரம் இது: நீளம் சுமார் 45 செ.மீ., நடுத்தர அடர்த்தி, லேசான அலை. சாயம், ஸ்ட்ரெய்ட்டனிங் எதுவும் போட்டதில்லை. வாரம் இரண்டு முறை ஷாம்பு. ஈரத்தில் ஏதோ பிசுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது, காய்ந்தால் நார். நுனி இரண்டாகப் பிளக்கிறது. கீசர் குழாய் வாயிலும் பக்கெட் விளிம்பிலும் வெள்ளைப் படிவு.

போட்டுப் பார்த்தவை: முட்டையும் வாழைப்பழமும் கலந்து (பழத் துணுக்கு மூன்று நாள் சீப்பில் வந்தது), எலுமிச்சைச் சாறு அப்படியே (எரிச்சல்), வெந்தயம் அரைத்து (முடியில் தூள் தூளாகத் தங்கியது).

எனக்கு அளவோடு வேண்டும். எது எத்தனை கரண்டி, எத்தனை நிமிஷம், எதற்குப் பிறகு எது? ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும்? விலை அதிகமான கிரீம் வேண்டாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், தங்கச்சிக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

---

கரண்டிக்கணக்கு பதில்:

நீங்கள் சொன்ன அறிகுறிகளில் பாதிக்கு மேல் தண்ணீர்க் கோளாறு. அதைச் சரி செய்யாமல் மேலே எதைப் பூசினாலும் சுண்ணாம்பு அடித்த சுவரில் எண்ணெய் தடவுவது போலத்தான். அதனால் முதலில் தண்ணீர்.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் முடியின் மேற்பரப்பில் போய் ஒட்டும். முடியின் மேல்தோல் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, செதில் மேல் செதிலாக அடுக்கியது. அந்தச் செதில்களின் விளிம்பில் உப்பு படிந்தால் ஒரு முடி இன்னொன்றை உரசும், சிக்கும், வெளிச்சத்தைச் சீராகத் திருப்பாது. ஈரத்தில் பிசுக்கு, காய்ந்தால் நார் என்பது இதற்கே உரிய அடையாளம்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை. இரண்டு தெளிவான பாட்டில்களில் கால் லிட்டர் போர் தண்ணீர், கால் லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர். ஒவ்வொன்றிலும் சாதாரணக் குளியல் சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டு இருபது தடவை குலுக்குங்கள். நல்ல தண்ணீரில் நுரை நிற்கும். கடினத் தண்ணீரில் நுரை எழும்பாது, திரிந்த பால் மாதிரி வெள்ளையாக மிதக்கும். ஷாம்பு போட்டுச் சோதிக்காதீர்கள், அது உப்புத்தண்ணீரிலும் நுரைக்கும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி., வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. ஆழ்துளைக் கிணறுகள் பல இடங்களில் இதையும் தாண்டும்.

இப்போது மருந்து. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட், கால் தேக்கரண்டி தலைதட்டி (சுமார் 1 கிராம்), ஒரு லிட்டர் போர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஷாம்பு அலசி முடிந்ததும் இதைக் காதுக்குக் கீழே உள்ள நீளத்தில் மெதுவாக ஊற்றி, கையால் பிழிந்து பிழிந்து விட்டு 2 நிமிஷம். பிறகு அலசல். முடியில் படிந்த கால்சியத்தை அமிலம் பிடித்து இழுத்துக்கொண்டு போகும், செதில்களும் தூக்காமல் படியும். ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீரில் கரைப்பதாக இருந்தால் அளவைப் பத்தில் ஒரு பங்காக்குங்கள். போர் தண்ணீரின் காரம் அமிலத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், நல்ல தண்ணீரில் அந்தத் தணிப்பு கிடையாது. பி.எச். பட்டை (புளிப்பு அளவைக் காட்டும் தாள்) கையில் இருந்தால் 3.5 முதல் 4.5க்குள் வந்தால் சரி.

சிட்ரிக் கிடைக்காவிட்டால் ஒரு நடுத்தர எலுமிச்சையை வடிகட்டி ஒன்றரை லிட்டருக்கு. நீங்கள் சாற்றை அப்படியே வைத்ததுதான் தப்பு. சாற்றின் பி.எச். 2 முதல் 2.5, உச்சந்தலையின் இயல்பு 5.5 அருகில். சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்பளித்துக் கருக்கவும் கூடும். வினிகர் என்றால் 4 சதவீத வெள்ளை வினிகரே போதும், 1 மேசைக்கரண்டி அரை லிட்டருக்கு. ஆப்பிள் வினிகருக்குக் காசு கொடுக்க வேண்டிய தேவை இங்கே இல்லை, வேலை செய்வது அசிட்டிக் அமிலம்தான்.

முதல் மாதம் ஒவ்வொரு தலைக்குளியலுக்கும், பிறகு வாரம் ஒன்று. அலுமினியம், பித்தளைப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். தலையில் புண், கீறல் இருந்தால் ஆறும்வரை வேண்டாம். கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் கண்ணுக்கு முன்னால் பலன் தரும். அலசி முடிக்கும்போது கடைசி 2 லிட்டர் மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும், 45 செ.மீ. முடிக்கு அது போதும். ஆர்.ஓ. என்றால் குடிக்க வரும் தண்ணீர். பல வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைப் பக்கெட்டில் பிடித்துக் குளிக்க வைத்துக்கொள்கிறார்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது, போர் தண்ணீரை விட மோசம். வீடு துடைக்க, கழிப்பறைக்கு விடலாம், தலைக்குக் கூடாது.

கீசரில் வெள்ளைப் படிவு என்கிறீர்கள். அப்படியானால் கொதித்தால் இறங்கும் வகைக் கடினத்தன்மையும் கொஞ்சம் இருக்கிறது. 3 லிட்டரை 10 நிமிஷம் கொதிக்கவிட்டு, ஆறி, அடியில் தங்கியதைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டால் ஓரளவு தேறும், முழுக்கத் தேறாது. படிகாரம் போட்டால் கலங்கல் தெளியும், கடினத்தன்மை குறையாது. ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டர்களும் குளோரின், தூசியைப் பிடிக்குமே தவிர கால்சியத்தை எடுக்காது. அதற்கு ரெசின் நிரப்பி உப்புப் போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் வேண்டும், அது வேறு செலவு.

---

அரப்புத்தூள் பதில்:

கண்ணு, மேலே சொன்ன தண்ணி விஷயம் அத்தனையும் சரிங்க. நான் பூசுற சாமான் பத்திச் சொல்றேன். வழவழப்பு எதில் இருக்கோ அதுதான் முடிக்கு வேலை செய்யும். செம்பருத்தி இலை, வெந்தயம், ஆளிவிதை, மூணுக்கும் ஒரே குணம்: தண்ணியில் போட்டா கொழகொழன்னு பிசின் விடும். அந்தப் பிசின் முடி மேல மெல்லிசாப் படிஞ்சு சீப்புக்கு வழுக்கல் கொடுக்கும். சக்கை முடிக்கு எதுவும் செய்யாது, ஒட்டிக்கிட்டு உயிரை எடுக்கும். ஆகவே வடிகட்டுறதுதான் இதில் பாதி வேலை.

செம்பருத்தியில் ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூச்செடி இலை நல்லா வழியும். ரொம்ப முத்தினதும் வேண்டாம், கொழுந்தும் வேண்டாம், நடுப்பக்குவத்தில் 25, 30 இலை. மண் போகக் கழுவி நாலாக் கிழிச்சு 300 மி.லி. சாதாத் தண்ணியில் அரை மணி நேரம் ஊறட்டும். அப்புறம் கையாலேயே கசக்கணும். மொதல்ல பச்சைத் தண்ணியா வரும், ரெண்டு நிமிஷத்தில் நுரைக்கும், அஞ்சாவது நிமிஷம் விரலைத் தூக்கினா முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலா இறங்கும். ஒரு விரல் நீளம் அறுபடாமத் தொங்குச்சுன்னா பதம் வந்தாச்சு. இங்கேதான் பலபேர் மிக்ஸியில் போட்டு ஓட்டிடறாங்க. இலை மாவாகிப் போய்த் துணியில் தாண்டி வந்துடும், காய்ஞ்சதும் தோள்பட்டையெல்லாம் பச்சைத் தூள். மிக்ஸிதான் முடியும்னா ரெண்டு சுத்து, நிறுத்திடுங்க. பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழிங்க. 200 மி.லி. தேறும், உங்க நீளத்துக்கு ஒரு தடவைக்குச் சரியா இருக்கும். அன்னைக்கே தீர்த்துடணும், மறுநாள் நாறும்.

வெந்தயம் 2 மேசைக்கரண்டி, ஏறக்குறைய 20 கிராம், 250 மி.லி. தண்ணியில் ராத்திரி முழுக்க ஊறணும். ஊறின தண்ணியோட சேர்த்தே நைசா அரைங்க. கெட்டியா இருக்கும்போது வடிகட்டினா ஒண்ணும் இறங்காது, இன்னும் 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணி ஊத்திக் கலக்கி, ரெட்டை மடிப்புத் துணியில் பிழிங்க. நீங்க போட்டது வடிகட்டாத விழுதுன்னு படுது, அதான் தூளாத் தங்கியிருக்கு. வாசனை அடுத்த தலைக்குளியல் வரைக்கும் போகாது, அதுக்கு வழி கிடையாது. வேர்க்கடலை ஒத்துக்காத ஆளுங்களுக்கு வெந்தயமும் ஒத்துக்காமப் போறது உண்டு, அவங்க தொடவே வேண்டாம்.

ஆளிவிதைதான் இருக்கிறதிலேயே சுத்தமா வர்றது. 40 கிராம் விதை, அரை லிட்டர் தண்ணி, நடுத்தீ. கொதி வந்ததில் இருந்து 7, 8 நிமிஷம் கரண்டியை எடுக்காமக் கிண்டுங்க. மேல வெள்ளை நுரை கட்டி, கரண்டியில் இருந்து சொட்டாம இழையா இறங்க ஆரம்பிச்சதும் அந்த நொடியே அடுப்பை அணைச்சுடணும். சூட்டோட நைலான் சல்லடையில் வடிகட்டுங்க. அஞ்சு நிமிஷம் ஆறட்டும்னு வச்சீங்கன்னா விதையும் கூழும் பிரியவே பிரியாது, மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். அடுப்பில் இருக்கும்போது தண்ணியா இருக்கேன்னு இன்னும் காய்ச்சாதீங்க, ஆறினதும் ரெண்டு மடங்கு கெட்டிப்படும். அப்படிக் கெட்டியாப் போச்சுன்னா வெந்நீர் அரை டம்ளர் சேர்த்து அடிச்சுக்கலாம். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். தண்ணியாப் பிரிஞ்சாலோ புளிச்ச வாடை வந்தாலோ தூர ஊத்திடுங்க. ஐஸ் தட்டில் ஊத்தி உறைய வச்சா ஒரு மாசம் வரும், தலைக்குக் குளிக்கிற அன்னைக்கு நாலு கட்டி எடுத்து வெளியே வச்சாப் போதும்.

போடுற முறை மூணுக்கும் ஒண்ணுதான். அலசின முடியை ஒட்டப் பிழிஞ்சுட்டு, சொட்டச் சொட்ட இல்லாம, காதுக்குக் கீழே இருந்து நுனி வரைக்கும் தடவி 20 நிமிஷம். ஒரு மணி நேரம் வச்சா மூணு மடங்கு மெதுவாகும்னு நினைக்காதீங்க, காய்ஞ்சு ஒட்டிக்கும், அலச இன்னும் நாலு சொம்பு தண்ணி போகும். உப்புத்தண்ணியில் நாலு சொம்புன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

ஷாம்புக்குப் பதிலா அரப்பு (உசிலை மர இலைத்தூள்) போடுறதா இருந்தா: அரப்புத்தூள் 3 மேசைக்கரண்டி, சாதம் வடிச்ச கஞ்சி 200 மி.லி., 15 நிமிஷம் ஊறட்டும். தோசை மாவை விடத் தண்ணியா இருக்கணும். உச்சந்தலையில் மட்டும் தேய்ங்க, நீளத்துக்கு வழிஞ்சு வர்றதே போதும். சீயக்காயை விட அரப்பு மெதுவானது, முடியை வறட்டாது. எந்தத் தூளா இருந்தாலும் வஸ்திரகாயம் பண்ணிக்கோங்க, மெல்லிய துணியில் சலிக்கிறது. கடைத்தூளில் இருக்கிற திப்பி முடியை அரத்தில் தேய்க்கிற மாதிரித் தேய்ச்சுடும். வீட்டுத்தூள் அரைக்கக் கொடுத்தா, அன்னைக்கு மிளகாய் ஓட்டின மில்லில் கொடுக்காதீங்க.

---

சீப்புமரம் பதில்:

முட்டை, வாழைப்பழம் பற்றி யாரும் சொல்லவில்லை. முடி உயிரற்ற நார். தோலுக்கு வெளியே வந்த பிறகு அதற்குள் சாப்பாடு போய்ச் சேராது. முட்டையின் புரதம் மிகப் பெரிய மூலக்கூறு, முடிக்குள் நுழைய வழியில்லை. மேலே படலமாகப் படிந்து காய்ந்தால் முடியை விறைப்பாக்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் மஞ்சள் கரு மட்டும், அதில் கொழுப்பும் லெசித்தினும் இருப்பதால் கொஞ்சம் வழுக்கும். அலசக் குளிர்ந்த தண்ணீர்தான். கீசர் தண்ணீரைக் கலக்காமல் நேராக விட்டால் முட்டை வெந்து முடியிலேயே கட்டிப் போகும், பிறகு ஒவ்வொன்றாக உருவி எடுக்க வேண்டும்.

வாழைப்பழம் வேண்டவே வேண்டாம். எவ்வளவு அடித்தாலும் நார்த் துணுக்கு இருக்கும். அதையும் துணியில் வடிகட்டும் பாட்டுக்கு அந்த நேரத்தில் ஆளிவிதை காய்ச்சிவிடலாம்.

தயிர் பரவாயில்லை. அதிகம் புளிக்காத, ஆடையோடு கூடிய கெட்டித் தயிர் 4 மேசைக்கரண்டி, கட்டியில்லாமல் அடித்து வடிகட்டி, 15 நிமிஷம். லாக்டிக் அமிலமும் கொழுப்பும் சேர்ந்து வேலை செய்யும். ஆனால் பிறகு ஒரு மென்மையான ஷாம்பு அலசல் தேவை, இல்லாவிட்டால் மாலையில் பால் வாடை. சமையல் சோடா எந்த வடிவிலும் வேண்டாம், அது காரம், செதில்களைத் தூக்கிவிடும்.

இன்னொன்று, பலருக்குப் பிடிக்காது. உங்கள் முடி மாதம் ஒன்று முதல் ஒன்றேகால் செ.மீ. வளர்கிறது என்று வையுங்கள். 45 செ.மீ. முடியின் நுனி மூன்று, நான்கு வருஷம் பழையது. பிளந்த நுனியை ஒட்டவைக்கும் பொருள் எதுவும் கிடையாது, சமையலறையிலும் இல்லை, கடையிலும் இல்லை. பிளவு மேலே ஏறும் முன் 2 செ.மீ. வெட்டிவிடுங்கள். வெட்டிய பிறகு மேலே சொன்ன எல்லாமே இரண்டு மடங்கு பலன் தருவது போலத் தெரியும்.

---

பூவரசு_கோவை:

எல்லாருக்கும் மனசார நன்றி. வடிகட்டாததுதான் தப்பு என்று புரிகிறது. இரண்டு சந்தேகம். எண்ணெயை எப்போது வைக்க வேண்டும், குளிக்கும் முன்பா, காய்ந்த பிறகா? வீட்டில் விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இருக்கின்றன. இன்னொன்று, வேலைக்குப் போகும் நாட்களில் இலை கசக்க நேரம் இல்லை. அன்றைக்கு என்ன செய்வது?

---

எண்ணெய்க்கிண்ணம் பதில்:

தங்கச்சி, குளிக்கும் முன்புதான் எண்ணெய். அதிலும் தேங்காய் எண்ணெய். காரணம் இருக்கிறது. முடி நனையும்போது தண்ணீரைக் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும். ஒவ்வொரு தலைக்குளியலுக்கும் இந்த உப்பலும் சுருங்கலும் செதில்களைத் தளர்த்தும், உள்ளிருக்கும் புரதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தேங்காய் எண்ணெயில் பாதி அளவுக்கு லாரிக் அமிலம். அது சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடிக்குள்ளேயே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் அதிகம் ஏறாமல் தடுக்கும். 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான்.

அளவு: உங்கள் நீளத்துக்கு 2 தேக்கரண்டி, அதாவது 10 மி.லி. உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக் காய்ந்த முடியில் காதுக்குக் கீழே தடவுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் முடி மினுங்க வேண்டும், வழியக் கூடாது. முந்தின இரவே வைத்துவிடலாம். நேரமில்லாவிட்டால் அரை மணி நேரமாவது. வழியவழிய வைத்தால் அதை எடுக்க இரண்டு தடவை ஷாம்பு போட வேண்டிவரும், எண்ணெய் கொடுத்ததை ஷாம்பு எடுத்துக்கொண்டு போய்விடும். பொடுகு இருந்தால் உச்சந்தலையில் எண்ணெய் படவே வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அந்தக் கொழுப்புதான் தீனி.

விளக்கெண்ணெயைத் தனியாக வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது பசை போலக் கெட்டி. நீள முடியில் அதை வைத்துத் தலைகுளித்தபோது, முடி மொத்தமாகக் கம்பளி போல ஒட்டிச் சுருண்டு, பிரிக்கவே முடியாமல் வெட்ட வேண்டிவந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால் தேங்காய் எண்ணெய் 4 பங்குக்கு இது 1 பங்கு. அதையும் நீளத்தில் தேய்க்காமல், மேலிருந்து கீழாகத் தடவி மட்டும் விடுங்கள்.

குளித்த பிறகு எண்ணெய் வேண்டுமென்றால் இரண்டே சொட்டு, நுனி 5 செ.மீ.க்கு மட்டும், ஈரம் இருக்கும்போதே.

---

சீப்புமரம் பதில்:

வேலை நாளைக்கு வழி: கடையில் கிடைப்பதிலேயே விலை குறைந்த கண்டிஷனர். கிரீம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் ஒரு தடவைக்கு ஆகும் செலவைப் பார்த்தால் ஆளிவிதையும் கேஸும் அதை விட மலிவு கிடையாது.

முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருக்கிறது, தேய்ந்த இடத்தில் இன்னும் அதிகம். கண்டிஷனரில் இருக்கும் நேர் மின்னேற்றப் பொருள் தேடிப்போய் அந்தத் தேய்ந்த இடத்திலேயே உட்காரும். இலைப்பிசின் இப்படி இடம் பார்த்து ஒட்டாது. பாட்டிலின் பின்பக்கத்தில் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு, ஸ்டியரமிடோப்ரொபைல் டைமெதிலமைன் இவற்றில் ஒன்று இருந்தால் அது வேலை செய்யும் கண்டிஷனர், விளம்பரத்தில் என்ன பூ இருந்தாலும் சரி. செட்டைல் ஆல்கஹால், செட்டியரைல் ஆல்கஹால் என்று பார்த்துப் பயப்படாதீர்கள். அவை மெழுகு மாதிரிக் கொழுப்பு, முடியை வறட்டும் சாராய வகை இல்லை.

1 மேசைக்கரண்டி, காதுக்குக் கீழே மட்டும், 3 நிமிஷம். தடவிய பின் கையில் ஒரு கை தண்ணீர் அள்ளி முடியோடு சேர்த்துப் பிழியுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்கும், கடற்பாசியைக் கையில் பிடித்தாற்போல இருக்கும். அந்த வழுக்கலில் அகலப்பல் சீப்பை நுனியில் ஆரம்பித்து மேலே மேலே கொண்டுபோய்ச் சிக்கெடுங்கள். நனைந்த முடி தன் நீளத்தில் 30 சதவீதம் வரை இழுபட்டுத் திரும்பும், அதைத் தாண்டினால் உள்ளுக்குள் சேதம். நெருக்கப்பல் சீப்பால் வேரிலிருந்து இழுப்பவர்கள் அந்த எல்லையைத் தினமும் தாண்டுகிறார்கள்.

ஷாம்புவோடு கண்டிஷனரைக் கலந்து ஒரே வேலையாக முடிக்க நினைக்காதீர்கள். ஒன்று எதிர், ஒன்று நேர். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கழிவாகிப் போகும், முடிக்கு எதுவும் மிஞ்சாது. ஆளிவிதைக் கூழ் 1 தேக்கரண்டியைக் கண்டிஷனரோடு கலந்துகொள்ளலாம், வழுக்கல் கூடும். ஆனால் அந்த வேளைக்கு மட்டும் உள்ளங்கையில் கலக்குங்கள். பாட்டிலுக்குள் கூழை ஊற்றினால் அதிலிருக்கும் பதப்படுத்தி அந்த அளவுக்குத் தாங்காது, பூஞ்சை பிடிக்கும்.

துவட்டுவதும் சேர்த்தி. கனமான டர்க்கித் துண்டில் முறுக்கிக் கட்டுவதற்குப் பதில் பழைய மெல்லிய வேட்டி, ஈரிழைத் துண்டு. தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

---

பூவரசு_கோவை:

அப்படியானால் வரிசை இதுதானா? எண்ணெய், ஷாம்பு, எலுமிச்சை உப்புத் தண்ணி, பிறகு செம்பருத்தி அல்லது கண்டிஷனர், கடைசியில் நல்ல தண்ணி. கிளிசரினும் சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

---

கரண்டிக்கணக்கு பதில்:

வரிசை சரி. ஒரு திருத்தம்: அரப்பு, சீயக்காய் போடும் நாளில் எலுமிச்சை உப்பை விட்டுவிடலாம். சீயக்காய்க் கரைசலுக்கே புளிப்பு உண்டு. ஆனால் கடைசி நல்ல தண்ணீர் எந்த நாளிலும் தவறக் கூடாது.

கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கோவையின் வறண்ட மாதங்களில் இழுக்க அங்கே ஈரம் குறைவு, மழைக்காலத்தில் அளவுக்கு மேல் இழுத்து முடியைப் புசுபுசுவென்று உப்பவைக்கும். போடுவதானால் ஆளிவிதைக் கூழ் 100 மி.லி.க்கு அரைத் தேக்கரண்டி, அதற்கு மேல் பிசுபிசுக்கும். முதல் மாதம் அது இல்லாமலே பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கு பொருள் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

எந்தப் புதுப் பொருளையும் முழங்கை உள்பக்கம் தடவி 24 மணி நேரம் பார்த்துவிட்டுத் தலைக்கு.

---

அரப்புத்தூள் பதில்:

கண்ணு, கத்தாழை பத்தி நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்க. மடலை வெட்டினதும் மஞ்சளாப் பால் வடியும், அது தோலை அரிக்கும். வெட்டின பக்கம் கீழே இருக்கிற மாதிரி ஒரு டம்ளரில் நிறுத்தி 15 நிமிஷம் வடியவிட்டு, தோலைச் சீவி, உள்சதையை ரெண்டு தண்ணி கழுவி, அப்புறம் மிக்ஸியில் ஒரு சுத்து விட்டு வடிகட்டுங்க. மூணு மேசைக்கரண்டி போதும். தனியாப் போட்டா காய்ஞ்சு விறைப்பாகும், செம்பருத்திச் சாறோட பாதிக்குப் பாதி கலந்துக்கோங்க.

அரிசி கழுவின தண்ணியைப் புளிக்க வச்சுத் தலையில் ஊத்துற வழக்கம் சீனாவில் யாவ் இனப் பெண்களுக்கு உண்டு, இப்ப எல்லாரும் செய்யறாங்க. ஒரு நாள் புளிச்சதுக்கு மேல போக வேண்டாம், ஒரு பங்குக்கு ஒரு பங்கு நல்ல தண்ணி கலந்து 10 நிமிஷத்தில் அலசிடுங்க. மாவுச்சத்து தங்கினா கஞ்சி போட்ட காட்டன் சேலை மாதிரி முடி மொடமொடன்னு நிக்கும். உங்களுக்கு ஏற்கெனவே நார் மாதிரி இருக்கறதால, உப்பு படிஞ்சது போகிற வரைக்கும் இதைத் தள்ளிவைங்க.